வீட்டுக்குத் தைத்த மெத்தை

1957 ஜூலை 21, ஞாயிறு

விடியற்காலையில் சுமத்ரா காற்று. கடலிலிருந்து வந்து ஓர் ஆட்டம் ஆடி, மழையைக் கொட்டிவிட்டுப் போனது. சமையலறைத் தகரம் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. வீட்டுக்காரரை ஏறி ஆணி அடிக்கச் சொல்ல வேண்டும். சொன்னால் "இடுப்பு" என்பார்.

நேற்று சம்பந்தியம்மா வந்து போனதை இன்றைக்கு ஆறிய மனத்தோடு எழுதலாம் என்று பார்த்தேன். ஆறவில்லை. (இனி இவளை ச. என்றே எழுதுகிறேன். முழுசாக எழுதினால் மை வீண்.)

வந்தாள். உட்கார்ந்தாள். நான் காப்பி கலந்து கொண்டுவருவதற்குள் இரண்டு காலையும் நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டாள், தரையில் தேள் ஓடுகிற மாதிரி.

"என்ன சம்பந்தி, பலகச் சந்துல இப்படிக் காத்து ஏறுது? காலெல்லாம் சில்லுனு ஆயிருச்சு."

பிறகு காப்பியை நிதானமாகக் குடித்து, மங்குக் கோப்பையைக் கீழே வைத்து, வந்த காரியத்தைச் சொன்னாள். மரகதத்தின் பேறு தெங்கேராவிலேயே, அவர்கள் வீட்டிலேயே நடக்கட்டுமாம். கல்வீடாம். சிமெண்டுத் தரையாம். முன்னால் அஞ்சடி நடைபாதை வைத்து நாலு பக்கமும் சுவராம்.

"பச்ச உடம்புக்காரிக்கு ஒருதரம் குளிரு ஏறிருச்சுன்னா சாகுற மட்டும் எறங்காது. ஒங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். அதனால்தான் கோபம். அவள் பொய் சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். இந்த வீடு செங்கல் தூண்மேல் நிற்கிற பலகை வீடு. இடுப்பளவு உயரம். கீழே காற்று சும்மா ஓடும். பலகைச் சந்தில் நாலணா விழுந்தால் கீழே போய்ப் பொறுக்க வேண்டும். பகலில் குளுகுளுவென்று நன்றாக இருக்கும். சுமத்ரா அடிக்கிற விடியலில் பாயைக் கீழிருந்து யாரோ ஊதுகிற மாதிரி இருக்கும்.

ஆனால் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். மரகதம் எனக்கு ஒரே பெண். அவளை நான் பெற்றது எஸ்டேட் லயத்தில், பெயர் தெரியாத ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டு. எனக்குப் போக இடம் இல்லை. என் பெண்ணுக்கு இருக்கிறது. காஜா பேராங்கில் இருக்கிறது. சொந்த வீடு.

நான் முகம் கொடுக்காததைப் பார்த்துவிட்டு ச. கொஞ்சம் இறங்கி வந்தாள். "சரி. ஆவணி பொறந்ததும் கூட்டிட்டு வந்து வச்சுக்குங்க. ஒரு வாரம் கழிச்சு நா வந்து கால வச்சுப் பாக்குறேன். காத்து ஏறலேன்னா இங்கயே இருக்கட்டும். ஏறுச்சு, அன்னிக்கே அழைச்சிட்டுப் போயிருவேன்."

அவரிடம் சொன்னேன். "அவங்க சொல்றதும் நாயந்தானே" என்றார். ராத்திரிச் சோற்றுக்கு ரசம் மட்டும் வைத்தேன்.

ஜூலை 22, திங்கள்

வெயில். அவர் பஸ்ஸுக்குப் போனதும் (கண்டக்டருக்கு விடியற்காலை ஷிப்டு) அகல் விளக்கு ஏற்றித் தரையில் வைத்தேன். முன்கூடம்: சுடர் சாய்கிறது. நடு அறை: சாய்கிறது. மரகதத்தின் அறை: அணைந்தே போனது. பேறு பார்க்க வேண்டிய அறை!

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வீட்டுக்கு அடியில் போனேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. குனிந்து போனால் தலை இடிக்கும், உட்கார்ந்து நகர்ந்தால் இடிக்காது. கிடைத்தவை: மரகதம் சின்னப் பிள்ளையில் தொலைத்த பால் கரண்டி. அவருடைய சீப்பு (நான் எடுத்துவிட்டேன் என்று சண்டை போட்டாரே, அது). பக்கத்து வீட்டு மாக் மீனாச்சியின் (மாக் என்றால் மலாயில் அம்மா) கோழி, அடைகாத்துக்கொண்டு, என்னை முறைத்தபடி.

அண்ணாந்து பார்த்தேன். பலகையைத் தாங்க வரிசையாகக் குறுக்குக்கட்டைகள். இரண்டு கட்டைக்கு நடுவே ஓர் இடைவெளி, ஒரே சீராக, நீளமாக. கையை விரித்து அளந்தேன். நான் விலைக்குத் தைக்கிற, கட்டிப்பிடித்துப் படுக்கும் திண்டு கிட்டத்தட்ட அந்த அகலம்தான்.

அங்கேயே உட்கார்ந்து சிரித்துவிட்டேன். கோழி எழுந்து போய்விட்டது.

ஜூலை 25, வியாழன்

வேண்டியவை:
— கோணி. அரிசிக்கடையில் பழசு சொல்லியாயிற்று.
— இலவம்பஞ்சு. நிறைய. எவ்வளவு என்று நினைத்தால் மலைப்பு.
— கோணி ஊசி, சணல். இருக்கிறது.
— திண்டுகள் கீழே விழாமல் தாங்க ஏதாவது. கம்பி வலை? துருப்பிடிக்கும். யோசிக்க.
— பலகைச் சந்து அடைக்க ஏதாவது. யோசிக்க.

ஊரில் பாதி வீட்டுக்கு மெத்தை, தலையணை தைத்துக் கொடுப்பவள் நான். கல்யாணத்துக்குத் தைத்தது, தொட்டிலுக்குத் தைத்தது, ஒரு வெள்ளைக்காரத் துரையின் நாய்க்குத் தைத்தது உட்பட. அவரிடம் திட்டத்தைச் சொன்னேன். சோற்றில் கையை வைத்தபடி என்னையே பார்த்தார்.

"ஊருல மனுசனுக்கு மெத்த தைப்பாங்க. நீ வீட்டுக்கே தைக்கப் போறியா?"

"ஆமாம்."

"வீடு படுத்துத் தூங்குமா?"

"நீங்க தூங்கலையா? வேலைக்குப் போற நேரம் தவிர."

சிரித்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டே.

ஜூலை 28, ஞாயிறு

புக்கிட் பாரு போய் வந்தேன். என்னிடம் மெத்தை வாங்கும் வீடு ஒன்றில் இலவ மரம் உண்டு. சீசனில் உதிர்ந்த காய்களை மூட்டைமூட்டையாகக் கட்டிப் போட்டிருந்தார்கள். அள்ளிக்கொண்டு போனால் போதும் என்று சந்தோஷமாகக் கொடுத்தார்கள்.

அங்கேயே இன்னொருத்தி ஒரு பெரிய பழைய மெத்தை தருகிறேன் என்றாள். நல்ல பஞ்சு. கையை வைத்துப் பார்த்தேன், நடுவில் ஓர் ஆள் நீளத்துக்குப் பள்ளம். "யார் படுத்தது?" என்றேன். அவள் முழித்தாள். மாமனார் போன மாதம் போய்ச் சேர்ந்தாராம், அதன்மேல்தான். என் பெண் பிள்ளை பெறுகிற அறைக்கு அடியில் அதையா? வேண்டாம் என்று கும்பிடு போட்டு வந்தேன்.

மூக்கு முழுக்கப் பஞ்சு. தும்மல் நிற்கவில்லை. தலை நரைத்த மாதிரி ஆகிவிட்டது. அவர் கண்டுகொள்ளவே இல்லை. நரைத்தால்கூடத் தெரியாது போலிருக்கிறது.

ஜூலை 31, புதன்

தைக்கிறேன், தைக்கிறேன். ஆள் படுக்கிற திண்டு உருண்டையாக இருக்கலாம், இது தட்டையாக வேண்டும், பலகையோடு ஒட்டிக் கிடக்க வேண்டும். இடையிடையே முடிச்சுப் போட்டால் பஞ்சு ஒரு பக்கம் சேராது. கெட்டியாகவும் அடைக்கக் கூடாது. கெட்டி மெத்தை குளிரும். பஞ்சுக்குள்ளே காற்று அசையாமல் நின்றால்தான் கதகதப்பு. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தைத்துத் தைத்துத் தெரிந்துகொண்டது.

விரல் நுனியெல்லாம் பொத்தல். மஞ்சள் வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. சித்திரான்னம் கிளறினேன். பிறகு பஸ் ஏறித் தெங்கேரா.

கடற்கரையில் மீன்காரர்கள் கிழிந்த வலையை ஓரமாகக் குவித்திருப்பார்கள் என்று அவர் சொன்னது சரி. கேட்டேன், "ஆம்பிள், ஆம்பிள்" என்றார்கள். எடுத்துக்கொள்ளவாம். ஒரு சுமை. அங்கேயே படகைக் கவிழ்த்துப் போட்டு ஒருவர் பலகைச் சந்தை அடைத்துக்கொண்டிருந்தார். துணித் திரியை மொட்டைக் கத்தியால் சந்துக்குள் குத்தி இறக்கி, மேலே குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி ஊற்றுகிறார். படகுக்குள் தண்ணீர் ஏறாது என்றால் வீட்டுக்குள் காற்று எப்படி ஏறும்? நின்று பார்த்தேன். திரி திரிக்க எனக்கா தெரியாது!

திரும்பும்போது ச. வீட்டைத் தாண்டித்தான் வர வேண்டும். தலையில் நாறும் வலை, அதை முட்டாக்காகப் போட்டுக்கொண்டு மீன்காரி மாதிரி விறுவிறுவென்று நடந்தேன். மாடி ஜன்னலில் மரகதம். என்னைக் கண்டுபிடித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு, வயிறு குலுங்க ஒரு சிரிப்பு. உள்ளே ச.வின் குரல்: "யாரும்மா வெளிய?"

"வலக்காரி, அத்த."

என் பெண்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

வலையைச் சவர்க்காரம் போட்டு, சாம்பல் போட்டு, சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைத்து, மூன்று தடவை அலசினேன். பீலிக் குழாயில் தண்ணீர் நின்றுபோகும் வரை. மீன் வாடை போய்விட்டது. (எழுதும்போது மோந்து பார்த்தேன். போய்விட்டது.)

ஆனால் வலை துவண்டு தொங்குகிறது. திண்டின் பாரத்தில் தொய்ந்துவிடும். யோசித்தேன். மெத்தை உறை விறைப்பாக நிற்க என்ன செய்வேன்? கஞ்சி! நேற்றைய சோற்றுக்கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சி வலையை முக்கி எடுத்து, வேலியில் இழுத்துக் கட்டிக் காயவைத்தேன். அப்பளம் மாதிரி நிற்கிறது. தட்டினால் சத்தம் வருகிறது.

எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன். வேறு யார் போடுவார்கள்?

ஆகஸ்ட் 11, ஞாயிறு

அவருக்கு லீவு. இடுப்பு என்றார். பார்த்தேன். எழுந்து வந்துவிட்டார்.

கீழே மல்லாந்து படுத்துக்கொண்டு நான் திண்டைக் கட்டைகளுக்கு நடுவே தூக்கிச் சொருக, அவர் வலையை இழுத்துப் பிடித்து ஆணி அடித்தார். கண்ணிலெல்லாம் தூசு. அவர் வாயில் ஆணிகளைக் கவ்விக்கொண்டு திட்டியது ஒன்றும் புரியவில்லை, நல்லதற்குத்தான். மத்தியானத்துக்குள் மரகதத்தின் அறையும் நடு அறையும் முடிந்தன.

மாக் மீனாச்சி வேலி ஓரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து தங்கிவிட்ட செட்டி வீட்டுக்காரி. நெற்றியில் திருநீறு, வாயில் மலாய். தமிழில் "அம்மா", "சாமி", "பொங்கல்" தவிர அதிகம் வராது, எனக்கும் அவளுக்கும் மலாய்தான். கோழியை எங்கே துரத்தினீர்கள் என்றாள் முதலில். அப்புறம் ஆணியைக் காட்டி, பெண் வருவதற்குள் எல்லாம் முடித்துவிடு, வயிற்றுப் பிள்ளைக்காரி வாசல்படி மிதித்துவிட்டால் பிறகு ஓர் ஆணி அடிக்கக் கூடாது என்றாள். தெரியும் மாக், நம் பக்கமும் அதுதான் என்றேன்.

அவர், வீட்டின் அடியைச் சுற்றிலும் பலகை அடித்து மூடிவிட்டால் காற்றே வராதே என்றார். கூடாது என்றுவிட்டேன். காற்று கீழே ஓடட்டும். மூடி வைத்த மெத்தை பூஞ்சை பிடிக்கும், வீடும் அப்படித்தான். கீழே ஓடுகிற காற்று மேலே ஏறக் கூடாது, அவ்வளவுதான் என் சண்டை.

ஆகஸ்ட் 14, புதன்

சந்து அடைப்பு. திரி, திரி, திரி. குங்கிலியம் காய்ச்சியதில் வீடு முழுக்கக் கோயில் வாசனை.

சாயங்காலம் அவர்: "என் பழைய வேட்டி ரெண்டு காணோம்."

"இருக்கு."

"எங்க?"

தரையைக் காட்டினேன். ஒரு பலகையிலிருந்து அடுத்த பலகைக்குத் தாண்டித் தாண்டி நடந்து பார்த்தார். "எந்தப் பக்கம் கரை?" என்று கேட்டார். இந்த மனுஷனோடு எப்படிக் கோபித்துக்கொள்வது.

ஆகஸ்ட் 16, வெள்ளி

விளக்கு ஏற்றிச் சாமி கும்பிட்டேன். அப்புறம் அதே அகலை மரகதத்தின் அறை நடுவில் வைத்தேன். வெளியே நல்ல காற்று, ரம்புத்தான் மரம் ஆடுகிறது. சுடர் அசையவில்லை. அறையின் நாலு மூலையிலும் வைத்தேன். அசையவில்லை. கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்தேன். பலகை வெதுவெதுப்பாக, உள்ளங்கை மாதிரி.

அழுதேன். சந்தோஷத்தில்தான். யாரும் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

ஆவணி பிறந்துவிட்டது. மரகதத்தைக் கூட்டிவந்தோம். மாப்பிள்ளை வாசல்வரை வந்து, உள்ளே வந்து, செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் நின்று பார்த்து, "அம்மா சொன்ன மாதிரி இல்லையே" என்றார். தங்கமான பையன்.

மரகதம் கட்டிலை விட்டுத் தரையில்தான் உட்காருவேன் என்கிறாள். வயிறு நன்றாக இறங்கியிருக்கிறது. ச. அடுத்த ஞாயிறு வருகிறாள்.

வரட்டும்.

ஆகஸ்ட் 21, புதன்

இரண்டு நாளாக மழை, ஈரப்புழுக்கம். இன்றைக்குக் காலையில் மரகதத்தின் அறையில் ஒரு வாடை. முதலில் நான்தான் கற்பனை பண்ணுகிறேன் என்று நினைத்தேன். மத்தியானம் மரகதமே: "அம்மா, எங்கயோ பழைய சோறு புளிச்சு நாறுதும்மா."

கீழே போனேன். கடவுளே. ஈரத்தில் கஞ்சி இளகிப் புளித்துப்போயிருக்கிறது. வலை முழுக்கக் கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சை. எறும்பு சாரிசாரியாக. காஜா பேராங்கின் பூனைகள் பூராவும் அங்கே! கஞ்சி இளகியதும் உள்ளே ஒட்டியிருந்த மீன் வாடை திரும்பி வந்துவிட்டது போலிருக்கிறது. ஒரு பூனை வலையை நக்கிக்கொண்டே என்னைப் பார்த்தது.

மெத்தைக்காரி புத்தி. உறைக்கு விறைப்பு வேண்டுமென்றால் கஞ்சி. வெயிலில் காய்கிற உறைக்குச் சரி. மழைக்காலத்தில் வீட்டுக்கு அடியில் கஞ்சி போட்ட ஒரே ஆள் மலாயாவிலேயே நானாகத்தான் இருப்பேன். சபாஷ் போட்டுக்கொண்டேனே, அதைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ச. வருகிறாள். காற்று ஏறாது. நாற்றம் ஏறும்.

ஆகஸ்ட் 22, வியாழன்

காலையில் சுத்தியலை எடுத்துக்கொண்டு கீழே போனேன். ஆணியையெல்லாம் பிடுங்கி, வலையை எடுத்துக் கழுவி, திரும்ப அடித்துவிடுவது. முதல் ஆணியில் கொக்கியை மாட்டினேனோ இல்லையோ, வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு கத்தல்.

"ராஜம்! ஜாங்கான் பாக்கு!"

ஆணியைத் தொடாதே. மாக் மீனாச்சி வேலியைத் தாண்டியே வந்துவிட்டாள், அந்த உடம்போடு. அடிக்கவும் கூடாது, பிடுங்கவும் கூடாது. பிள்ளை உள்ளே இருக்கிறது.

சுத்தியலைக் கீழே வைத்தேன். நான் நம்புகிறேனா என்று கேட்டால் தெரியாது. ஆனால் நான் ஓர் ஆணி அடித்து, நாளைக்கு ஏதாவது ஒன்று ஆகி, வாழ்நாள் பூரா அந்த ஆணியையே நினைத்துக்கொண்டிருக்க என்னால் ஆகாது. மாக்குக்கும் ஆகாது. இரண்டு பேரும் பூனைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தோம்.

வலையைத் தொட்டுக் காட்டிக் கேட்டேன்: மாக், தைக்கலாமா?

யோசித்தாள். வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றினாள். அவள் அம்மா சொன்னது, பெரியம்மா சொன்னது எல்லாவற்றையும் மனசுக்குள் புரட்டுகிறாள் என்று தெரிந்தது.

"ஜாஹிட்... ஜாஹிட் போலே" என்றாள். தைக்கலாம்.

ஆணி இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். கத்தரிக்கோலால் வலையை மட்டும் ஆணியைச் சுற்றி வெட்டி எடுத்தேன். எனக்குப் பழக்கமான ஆயுதம்.

ஆகஸ்ட் 24, சனி

வலையை வெந்நீரில் போட்டுக் காய்ச்சியே எடுத்தேன். துணி வெளுக்கும் அண்டாவிலேயே. மாக் எலுமிச்சைப் புல்லும் வேப்பிலையும் கொண்டுவந்து போட்டாள். நேற்று முழுக்க நல்ல வெயில். திண்டுகளையும் இறக்கி வேலியில் உதறிப் போட்டோம். உள்ளே பஞ்சு பத்திரம். இலவம்பஞ்சு லேசில் தண்ணீர் குடிக்காது.

இன்றைக்கு மாட்டினேன். மல்லாந்து படுத்து, கோணி ஊசியில் சணலைக் கோத்து, ஆணிக்கு ஆணி சுற்றி இழுத்து, குறுக்கும் நெடுக்குமாகத் தையல். கஞ்சி இல்லாமலே வலை விறைப்பாக நிற்கிறது! கட்டில் கயிறு இழுத்துக் கட்டுகிற மாதிரி இழுத்தேன், அவ்வளவுதான். முதலிலேயே இதைச் செய்திருக்கலாம். அவர் அடித்த ஆணியைவிட இதுதான் பலம். அவரிடமும் சொன்னேன்.

"ஆணி இல்லாட்டி எதுல கட்டியிருப்ப?" என்றார். அதுவும் சரிதான். இந்த ஒரு தடவை விட்டுக்கொடுத்தேன்.

தோள்பட்டை தூக்க முடியவில்லை. மரகதம் தைலம் தேய்த்துவிட்டாள். பிள்ளை பெறப்போகிறவள் அவள், தேய்த்துக்கொள்கிறவள் நான்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

ச. வந்தாள். பட்டுச்சேலை, கையில் ஒரு பை. செருப்பைக் கழற்றினாள். மரகதத்தின் அறைக்கு நேராகப் போனாள். நடுவில் நின்றாள். இரண்டு காலையும் மாற்றி மாற்றி வைத்தாள். மோந்தும் பார்த்தாள் (நடுவில் வந்து போன மாப்பிள்ளை ஏதோ உளறியிருக்கிறார்). எலுமிச்சைப் புல் வாசனைதான்.

நான் கதவில் சாய்ந்து நின்றேன்.

"இன்னிக்குக் காத்தே இல்லையே, சம்பந்தி" என்றாள். "எப்படித் தெரியும்?"

உண்மைதான். ஓர் இலை அசையவில்லை. ஒரு மாதமாக எந்தக் காற்றைச் சபித்தேனோ அது இன்றைக்கு என்னைக் கைவிட்டது.

"காத்து வர்ற மட்டும் இருந்து பாத்துட்டுப் போறேன்" என்றாள். பையில் மாற்றுச்சேலை. தயாராகத்தான் வந்திருக்கிறாள்.

ஆகஸ்ட் 26, திங்கள்

காற்று இல்லை. ச. என் சாம்பாரில் புளி கூட என்றாள்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

காற்று இல்லை. ச. என் திண்டில் சாய்ந்துகொண்டு, இது நன்றாக இருக்கிறது, யார் தைத்தது என்றாள். மரகதம் வேறு பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் வேண்டிக்கொண்டேன். புயல் வரச் சொல்லி. இப்படி ஒரு வேண்டுதல் அவர் கேட்டிருக்கவே மாட்டார்.

மரகதத்துக்குச் சாயங்காலத்திலிருந்து இடுப்பில் லேசாக வலி.

ஆகஸ்ட் 28, புதன்

எல்லோரும் தூங்கியபின் எழுதுகிறேன்.

விடியுமுன் வலி கூடியது. அவர் பேறு பார்க்கும் நர்ஸ் மிஸ்ஸியைக் கூட்டிவர ஓடினார். இடுப்பு எங்கே போனதோ, ஓடினார். சைக்கிளில் அந்தச் சீனப் பெண் வந்து இறங்கிய கொஞ்ச நேரத்தில் ஆரம்பித்தது. சுமத்ரா. தகரம் தடதடவென்று அடித்துக்கொண்டது. ரம்புத்தான் கிளை ஒன்று முறிந்து விழுந்தது. வீட்டுக்கு அடியில் காற்று ஊளையிட்டுக்கொண்டு ஓடுவது கேட்டது. ஓடட்டும், ஓடட்டும் என்று மனசுக்குள் சொன்னேன்.

தரையில் பாய், அதன்மேல் ரப்பர் விரிப்பு. மரகதம் என் கையைப் பிடித்திருந்தாள். இன்னொரு கையை ச. பிடித்திருந்தாள். சுவர் ஓரம் தரையில் அகல். எனக்குப் பெண்ணைப் பார்ப்பதா விளக்கைப் பார்ப்பதா என்று ஆகிவிட்டது. ச.வும் விளக்கைத்தான் பார்த்தாள். நான் பார்ப்பதை அவள் பார்த்தாள், அவள் பார்ப்பதை நான் பார்த்தேன். சுடர் நின்றது. ஊசி மாதிரி நின்றது.

பெண் குழந்தை. காற்றைவிடப் பெரிய குரல்.

மிஸ்ஸி துடைத்துச் சுற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தொட்டில் எங்கே, எங்கே படுக்க வைப்பது என்று மலாயில் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் ச. தன் முந்தானையால் தரையை ஒருமுறை துடைத்தாள். உள்ளங்கையை அங்கே வைத்துப் பார்த்தாள்.

"இங்கயே போடுங்க" என்றாள். "தர கதகதன்னு இருக்கு."

அவள் கையாலேயே வாங்கி, அவள் கையாலேயே என் வீட்டுத் தரையில் கிடத்தினாள். என் பேத்தி நான் தைத்த மெத்தைமேல். எனக்குப் பெருமை தாங்கவில்லை. எழுதிவிட்டேன், யார் படித்தாலும் படிக்கட்டும். பெருமை தாங்கவில்லை.

மாக் மீனாச்சி இஞ்சியும் மிளகும் இடித்துக்கொண்டு வந்தாள். கோழியையும் கொண்டுவந்தாள், சூப்புக்கு. முறைத்த கோழி இல்லையே என்று கேட்டேன். இல்லையாம்.

ஆகஸ்ட் 31, சனி

காலையில் மறுபடி மழை, காற்று. இன்றைக்குச் சுதந்திரம். அவர் பஸ்ஸுக்கு முன்னால் கொடி கட்டிக்கொண்டு, ஜனங்களைப் பாடாங் மைதானத்துக்கு ஏற்றிப் போகப் போய்விட்டார். சட்டைக்குக் கஞ்சி போட்டுக் கொடுத்தேன். சட்டைக்குத்தான். மாக் வீட்டு ரேடியோ உச்சத்தில். "மெர்டேக்கா" என்று கூட்டம் கத்தியதும் குழந்தை திடுக்கிட்டு, உதட்டைப் பிதுக்கி, அப்புறம் தூங்கிவிட்டது. மரகதம் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள். பூண்டுக்குழம்பு. ச. வைத்தது. புளி குறைவு.

ச. இன்னும் போகவில்லை. நேற்று வீட்டுக்கு அடியிலும் குனிந்து திண்டு, வலை எல்லாம் பார்த்துவிட்டு வந்தாள். "நாளைக்குப் போறேன்" என்கிறாள் தினமும். கட்டில் கொடுத்தேன், வேண்டாம் என்றாள். பேத்தி பக்கத்தில், பாய்கூட விரிக்காமல் தரையில் படுத்துக் குறட்டை. தெருவில் பட்டாசு வெடித்தும் எழவில்லை.

இப்போதுதான் எழுந்தாள். கொண்டையை முடிந்துகொண்டே, என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினாள்.

"சம்பந்தி. எங்க வீட்டு சிமெண்டுத் தர இருக்கு பாருங்க. காலங்காத்தால கால வைக்க முடியல. முழங்காலு வரைக்கும் இழுக்குது. அதுக்கு அடியில இந்த மாதிரி ஏதாச்சும் போட முடியுமா?"

கல்வீட்டுக்கு அடியில் மண்தான் இருக்கிறது. திண்டு சொருக இடம் ஏது?

"அளவு எடுத்து அனுப்புங்க" என்றேன்.